புதியோரை ஏற்றல்: வானியல் ஆர்வலர் சங்கங்களின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

கழகமொன்றின் வரலாறு பெரும்பாலும் அதனைத் தாபித்தோரின் வரலாறாகவே எழுதப்படுகின்றது. ஆயின், அது நிலைக்குமா மறையுமா என்பது, பின்னொரு நாள் தயக்கத்தோடு அதன் வாயிலுக்கு வரும் புதியவர் எவ்வாறு ஏற்கப்படுகிறார் என்பதிலேயே தங்கியுள்ளது. வானத்தை நோக்குதலைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் அமைத்த சங்கங்களின் வரலாறு இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும்.

1890ஆம் ஆண்டு யூலை மாதம் வில்லியம் மொங்க் என்பார் இங்கிலாந்துச் சஞ்சிகையொன்றிற்கு ஒரு கடிதம் எழுதினார். றோயல் வானியற் கழகத்தின் சந்தா பலருக்கு எட்டாததாயிருந்தது. அதன் கட்டுரைகள் பொதுஆர்வலருக்கு விளங்காதவையாயிருந்தன. பெண்களுக்கோ அங்கு இடமே இருக்கவில்லை. இக்குறைகளை நீக்கும் புதிய சங்கமொன்று வேண்டுமென்பதே கடிதத்தின் சாரம். அவ்வாண்டிலேயே பிரித்தானிய வானியற் சங்கம் உருவாயிற்று. தொடக்கத்திலிருந்தே பெண்கள் அதில் உறுப்பினராயினர். எலிசபெத் பிறவுண் ஞாயிற்று அவதானப் பிரிவின் தலைமையையே ஏற்றார். றோயல் கழகம் பெண்களை உறுப்பினராக ஏற்றது 1916இலேயே என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

வாயில் திறந்தால் மட்டும் போதுமா? உள்ளே வந்தவர்க்குப் பணி வேண்டும். 1911இல் சட்டத்தரணி வில்லியம் ரைலர் ஓல்கொற் தாபித்த அமெரிக்க மாறுவிண்மீன் அவதானிகள் சங்கம் இதனை நன்குணர்ந்திருந்தது. ஒளி கூடியும் குறைந்தும் தோன்றும் விண்மீன்கள் மிகப் பல. அவற்றை ஆண்டுக்கணக்காக இரவுதோறும் கவனிக்கத் தொழில்முறை வானியலாளரால் இயலாது. அண்மையிலுள்ள, ஒளியளவு தெரிந்த விண்மீன்களோடு ஒப்பிட்டு மதிப்பிடும் இப்பணிக்கோ சிறு தொலைகாட்டியே போதும். ஆதலின், சங்கம் விண்படங்களை அனுப்பிப் புதியவரின் முதல் அவதானத்தையும் பதிவேட்டிற் சேர்த்தது.

ஒகையோ மாநிலக் கமக்காரர் ஒருவரின் மகனான லெஸ்லி பெல்ரியர், ஸ்ரோபெரிப் பழம் பறித்து ஈட்டிய 18 டொலருக்கு இரண்டு அங்குலத் தொலைகாட்டியொன்றை வாங்கினார். 1918இல் அவர் அனுப்பத் தொடங்கிய அவதானங்களைச் சங்கம் ஏற்றது. பின்னர் நான்கு அங்குலக் கருவியொன்றை இரவலாகவும் வழங்கியது. 1980இல் இறக்கும்வரை அவர் மாதந்தவறாது அவதானங்களை அனுப்பினார். பல வால்வெள்ளிகளையும் கண்டறிந்தார்.

கருவியை விலைகொடுத்து வாங்க வசதியற்றோர்க்கு ரசல் போட்டர் வேறொரு வழி காட்டினார். 1920இல் வேர்மொன்ற் மாநிலத்து ஸ்பிறிங்பீல்ட் நகரில், பெரும்பாலும் தொழிற்சாலை ஊழியரான பதினைந்து ஆடவர்க்கும் ஒரு பெண்ணுக்கும் அவர் ஆடி தேய்க்கக் கற்பித்தார். இரு கண்ணாடி வட்டங்களுக்கிடையே உராய்பொருளிட்டுத் தேய்க்க, ஒன்று மெல்ல மெல்லக் குழிவாகும். பின்னர் அதனை மெருகிட வேண்டும். தன் கையாற் கருவி செய்தவர் அதனை எளிதிற் கைவிடார். 1926 முதல் அந்நகரில் நடைபெற்ற தொலைகாட்டி ஆக்குவோர் மாநாடு இவ்வகுப்பின் விளைவே.

புதியவர் வருவாரெனக் காத்திராது, அவரைத் தேடிச் சென்றவர் ஜோன் டொப்சன். வேதாந்த மடத்துத் துறவியாயிருந்து 1967இல் வெளியேறிய அவர், ஒட்டுப்பலகை, கடதாசிக்குழல் முதலிய மலிவுப் பொருள்களாலான பெரிய தொலைகாட்டிகளைச் சான் பிரான்சிஸ்கோ வீதியோரங்களில் நிறுத்தி, வழிப்போக்கரை அழைத்துத் திங்களைக் காட்டினார். 1968இல் நடைபாதை வானியலாளர் என்னும் அமைப்பு தோன்றியது.

இந்நான்கு முயற்சிகளும் ஒன்றையொன்று நிறைவு செய்வன. வீதியிற் கண்ட காட்சி ஆவலை எழுப்பும். எழுந்த ஆவலுக்குத் திறந்த வாயிலும் கற்பிப்போரும் வேண்டும். எனினும், ஒருவரை ஆயுள்முழுதும் பிணைத்து வைப்பது தமது பணியும் கணக்கிற் கொள்ளப்படுகின்றது என்னும் உணர்வேயாகும். ஒரு கமக்கார இளைஞரின் எளிய அவதானத்தை மதித்து ஏற்ற சங்கம், அறுபத்திரண்டு ஆண்டுகால உழைப்பைப் பெற்றது. உறுப்பினர் குறைகின்றனர் என வருந்தும் கழகங்கள் தம் புதியவர்க்கு எப்பணியைக் கொடுத்தன என்பதை முதலில் எண்ணிப்பார்த்தல் நன்று.