பணக்கார வியாதி யாருடைய வியாதி ஆனது?

"தம்பி, சுகரெல்லாம் நமக்கு எதுக்கு வரப்போவுது? உக்காந்து தின்றவங்களுக்கு வர்ற வியாதி அது."

தூய்மைப் பணியாளர்கள் வாழும் ஒரு குடியிருப்பில் சில ஆண்டுகளுக்கு முன்பு ஓர் அக்கா என்னிடம் இப்படிச் சொன்னார். வயது நாற்பத்தைந்து இருக்கும். ஒல்லியான உடம்பு. விடியற்காலை நான்கரைக்கு எழுந்து வேலைக்குப் போனால் மதியம்தான் திரும்புவார். வலது காலில் ஏதோ குத்தியிருக்கிறது. குத்தியதே அவருக்குத் தெரியவில்லை. புண்ணை மூன்று வாரம் மஞ்சள் வைத்துக் கட்டியிருக்கிறார். ரத்தத்தில் சர்க்கரை பார்க்க வேண்டும் என்று நாங்கள் சொன்னதற்குத்தான் அந்தப் பதில். பிறகு பார்த்தபோது அளவு மிக அதிகமாக இருந்தது. காலின் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

தோழர்களே, அக்காவின் அறியாமையைப் பேச இதை எழுதவில்லை. அவர் சொன்னது அவர் கண்டுபிடித்த வாக்கியம் அல்ல. அதற்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு வரலாறு உண்டு. ஒரு நாட்டில் இத்தனை பேருக்கு நீரிழிவு என்று நாளிதழில் எண் வரும்போது, அந்த எண்ணுக்குள் யாரை எண்ணினார்கள், யாரை எண்ணத் தோன்றவே இல்லை என்பதையும் அந்த வரலாறுதான் தீர்மானித்திருக்கிறது.

இனிப்பான சிறுநீர், எறும்பு மொய்ப்பது எல்லாம் பழைய ஆயுர்வேத நூல்களில் இருக்கின்றன. நம் மக்களும் மதுமேகம் என்ற பெயரை அறிவார்கள். சுசுருத சம்ஹிதை இந்நோய்க்குச் சொல்லும் காரணங்கள் பகல் தூக்கம், சோம்பல், இனிப்பும் கொழுப்பும் மிகுந்த உணவு. பகலில் யார் தூங்க முடியும்? நெய்யும் பாலும் யார் வீட்டில் இருந்தன? ஆனால் அதே நூல் இரண்டு வகை நோயாளிகளைப் பிரித்துக் காட்டுகிறது: பிறப்பிலேயே வருபவர் மெலிந்தவர், உணவால் வருபவர் பருத்தவர். மெலிந்தவரையும் அவர்கள் பார்த்திருக்கிறார்கள். இதை நினைவில் வையுங்கள்.

சிகிச்சைப் பகுதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஏழை நோயாளி செருப்பும் குடையும் இல்லாமல், பிச்சை உணவு உண்டு, ஓர் ஊரில் ஓர் இரவுக்கு மேல் தங்காமல் நூறு யோசனை தூரம் நடக்க வேண்டும் என்கிறது நூல். பிராமண நோயாளிக்கு வயலில் சிந்திய தானியத்தைப் பொறுக்கி வாழும் தவ வாழ்க்கை. மற்றவர்களுக்கு? உழ வேண்டும், அல்லது கிணறு வெட்ட வேண்டும். உடல் உழைப்பு சர்க்கரையைக் குறைக்கும் என்ற மருத்துவ உண்மை இதில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மருந்துச் சீட்டே வருணத்துக்கு ஒன்றாக எழுதப்பட்டிருக்கிறது. கிணறு வெட்டியவன் அந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்கலாமா என்ற கேள்விக்கு 1927 மார்ச் 20 அன்று மகாடில் பாபாசாகேப் குளத்தில் இறங்க வேண்டியிருந்தது.

வெள்ளைக்காரர்கள் வந்த பிறகும் பார்வை மாறவில்லை. 1907இல் இங்கிலாந்தின் எக்ஸெட்டர் நகரில் நடந்த பிரிட்டிஷ் மருத்துவச் சங்கக் கூட்டத்தில் வெப்ப நாடுகளில் நீரிழிவு பற்றித் தனியாக விவாதித்தார்கள். கல்கத்தாவில் மருத்துவம் பார்த்தவர்கள் வரைந்த சித்திரம் இதுதான்: படித்த, வசதியான, உட்கார்ந்தே வேலை செய்யும் வங்காளி கனவான். அவர்கள் மருத்துவமனைக்கு வந்தவர்களை வைத்துப் பேசினார்கள். வராதவர்களை எந்தப் பதிவேட்டில் தேடுவது? கூலிக்காரனின் சிறுநீரைச் சோதிக்க யாரும் அவன் தெருவுக்குப் போகவில்லை. போகாததால் அவனுக்கு நோய் இல்லை என்று ஆயிற்று. சமூகவியல் படிக்கும் தோழர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம்.

பாபாசாகேபுக்கே நீரிழிவு இருந்தது. 1948 ஏப்ரல் 15 அன்று அவர் மணந்த சவிதா அம்பேத்கர் ஒரு மருத்துவர். அவரது கடைசி எட்டு ஆண்டுகளின் எழுத்தும் அரசியலும் இந்த நோயோடு மல்லுக்கட்டியபடியே நடந்தவை. 1951 ஆகஸ்ட் 10 அன்று நேருவுக்கு எழுதிய கடிதத்தில், தன் உடல்நிலை மருத்துவர்களுக்குக் கவலை தருகிறது, அவர்கள் கையில் தன்னை ஒப்படைக்கும் முன் இந்துச் சட்ட மசோதாவை முடித்துவிட வேண்டும் என்று கேட்கிறார். மசோதா முடியவில்லை. அடுத்த மாதம் பதவி விலகினார். 1956 டிசம்பர் 6 நமக்குத் தெரியும். வயது 65. அவருக்கு இன்சுலின் கிடைத்தது, வீட்டிலேயே மருத்துவரும் இருந்தார். அதே காலத்தில் மராத்வாடாவின் மகார்வாடாக்களில் எத்தனை பேர் இதே நோயால், பெயர் தெரியாமலே செத்தார்கள் என்பதற்குக் கணக்கு எடுக்கப்படவில்லை.

கணக்கு என்று உருப்படியாகத் தொடங்கியது 1970களில். 1972 முதல் 1975 வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல மையங்களில் நடத்திய ஆய்வில் நகரத்தில் 2.1 விழுக்காடு, கிராமத்தில் 1.5 விழுக்காடு. 1992இல் வெளியான சென்னை ஆய்வில் நகரத்தில் 8.2, அருகிலுள்ள கிராமப்பகுதியில் 2.4. 2000இல் ஆறு பெருநகரங்களில் எடுத்தபோது 12.1, ஐதராபாத்தில் 16.6, சென்னையில் 13.5. அளவிடும் முறையும் வயது வரம்பும் ஒவ்வொன்றிலும் வேறு. அதனால் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி "ஆறு மடங்கு" என்று சுவரொட்டி அடிக்க வேண்டாம். ஏறுமுகம் என்பதில் மட்டும் சந்தேகம் இல்லை.

2023இல் வெளிவந்தது மிகப் பெரிய கணக்கு. 2008 முதல் 2020 வரை 31 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் 1,13,043 பேரைச் சோதித்தார்கள். முடிவு 11.4 விழுக்காடு, அதாவது சுமார் 10.1 கோடிப் பேர். இன்னும் 13.6 கோடிப் பேர் நோயின் வாசலில். கோவாவில் 26.4, உத்தரப் பிரதேசத்தில் 4.8. ஓராண்டு கழித்து 2024இல் உலகளாவிய ஓர் ஆய்வு இந்தியாவில் 21.2 கோடி என்றது! சமூக ஊடகங்களில் ஒரே கூச்சல். இரண்டும் பொய்யல்ல. முதல் ஆய்வு வெறும் வயிற்றிலும், குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்தும் ரத்தத்தைப் பார்த்தது. இரண்டாவது, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1சி. சோதனையையும் சேர்த்துக்கொண்டது. இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகை உள்ளவர்களிடம் இந்த அளவு கூடுதலாகக் காட்டக்கூடும். ரத்தசோகை நம் பெண்களிடம் எவ்வளவு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எப்படி எண்ணினாலும் அந்த இரண்டாம் ஆய்வின் இன்னோர் எண் என்னை விடவில்லை: அந்த 21.2 கோடியில் 13.3 கோடிப் பேர் சிகிச்சையே இல்லாதவர்கள்.

தேசிய எண்ணைவிட எனக்குப் பாடம் சொன்னது சென்னையின் இரண்டு குடியிருப்புகள். ஒன்று திருமங்கலத்தில் நடுத்தர வருமானக் குடியிருப்பு, மற்றது தியாகராய நகரில் குறைந்த வருமானக் குடியிருப்பு. 1990களின் நடுவில் சோதித்தபோது முதலாவதில் 12.4 விழுக்காடு, இரண்டாவதில் 6.5. பார்த்தீர்களா, பணக்கார வியாதிதானே என்று அன்று சொல்லியிருக்கலாம். ஏறத்தாழ பத்தாண்டு கழித்து அதே இடங்களுக்குத் திரும்பிப் போனார்கள். நடுத்தரக் குடியிருப்பில் 15.4. ஏழைகள் குடியிருப்பில் 15.3. அங்கே கால் பங்கு கூடியது, இங்கே இரண்டு மடங்குக்கு மேல்.

இடையில் என்ன நடந்தது? நடுத்தரக் குடியிருப்பில் ஆய்வாளர்கள் விழிப்புணர்வு வகுப்புகள் நடத்தினார்கள். மக்களே பணம் திரட்டி ஒரு பூங்கா அமைத்தார்கள். வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் உடற்பயிற்சி செய்பவர்கள் 14.2 விழுக்காட்டிலிருந்து 58.7 ஆனார்கள். நல்ல விஷயம், யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் பூங்கா அமைக்க முதலில் இடம் வேண்டும். இரவு விளக்கும், பெண்கள் பயமில்லாமல் நடக்கும் பாதையும் வேண்டும். நம் சேரியில் திறந்தவெளி என்றால் அது குப்பைக் கிடங்கு அல்லது சாக்கடைக் கரை. "தினமும் நாற்பது நிமிடம் நடங்கள்" என்று எழுதித் தரும் மருத்துவர் எந்தத் தெருவை மனதில் வைத்து எழுதுகிறார்? 2017இல் வந்த 15 மாநிலக் கணக்கும் இதையே சொன்னது: வசதியான சில மாநிலங்களின் நகரங்களில் நீரிழிவு இப்போது ஏழைகளிடம்தான் அதிகம். சண்டிகர், மகாராஷ்டிரத்தோடு தமிழ்நாடும் அந்தப் பட்டியலில் உண்டு.

ஏன் என்ற கேள்விக்கு ஒரு காலத்தில் மரபணு என்று பதில் வந்தது. பஞ்சத்தைத் தாங்கும் சிக்கன மரபணு என்ற கருத்தை 1962இல் ஜேம்ஸ் நீல் முன்வைத்தார். முப்பது ஆண்டு கழித்து ஹேல்ஸும் பார்க்கரும் வேறு திசையைக் காட்டினார்கள்: கருவில் பட்டினி கிடந்த குழந்தையின் கணையமும் தசையும் குறைவாக வளர்கின்றன, பின்னால் சோறு கிடைக்கும்போது உடல் தாங்குவதில்லை. 1944-45 குளிர்காலத்தில் நாஜி முற்றுகையால் பட்டினியில் கிடந்த நெதர்லாந்தில் கருவிலிருந்தவர்களை ஐம்பது வயதில் சோதித்தபோது இது தெரிந்தது. புனே அருகே ஆறு கிராமங்களில் 1993 முதல் மருத்துவர் யாஜ்னிக் குழு தாய்களையும் பிள்ளைகளையும் பின்தொடர்ந்தது. அங்கே பிறந்த குழந்தையின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5. புனேக் குழந்தையிடம் தசை குறைவு, கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு.

பட்டினி முற்றுகையால் மட்டும் வருவதில்லை. நிலம் இல்லாத தாய், கடைசியில் உண்ணும் தாய், எட்டாம் மாதத்திலும் நாற்று நடும் தாய். பிறகு அந்தப் பிள்ளை வளர்ந்து நகரத்துக்கு வந்து, ரேசன் அரிசியும் நான்கு வேளை சர்க்கரை போட்ட டீயுமாக உழைக்கிறான். ரேசன் அரிசியை நான் பழிக்க மாட்டேன், அது பசியை விரட்டிய அரிசி. அதோடு பருப்பும் முட்டையும் காய்கறியும் ஏன் வரவில்லை என்பதே கேள்வி.

மெலிந்த நோயாளியை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? 1955இல் ஜமைக்காவில் ஹியூ ஜோன்ஸ் என்ற மருத்துவர் வழக்கமான இரு வகையிலும் அடங்காத ஒல்லியான நீரிழிவு நோயாளிகளைப் பதிவு செய்தார். 1985இல் உலக சுகாதார நிறுவனம் ஊட்டக்குறைவு நீரிழிவு என்று தனி வகை கொடுத்தது. 1999இல் போதிய சான்று இல்லை என்று நீக்கியது. ஏழைகளின் நோய்க்குச் சான்று திரட்ட யார் பணம் தருவார்கள்? 2022இல் வேலூர் சி.எம்.சி.யும் நியூயார்க்கின் ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து, இவர்களுக்கு இன்சுலின் சுரப்பதிலேயே குறை என்று காட்டினார்கள். 2025இல் பாங்காக் மாநாட்டில் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு இதை ஐந்தாம் வகை என்று ஏற்றது. விவாதம் இன்னும் முடியவில்லை.

நமக்கு வாசிக்கக் கிடைக்கும் தேசிய எண்கள் நகரம் - கிராமம், ஆண் - பெண், மாநிலம், வருமானம் என்று பிரித்துத் தரப்படுகின்றன. சாதி என்ற கட்டம் தலைப்புச் செய்திக்கு வருவதில்லை. குடும்பநல ஆய்வுகளில் பட்டியல் சாதி என்ற தகவல் இருக்கிறது. 2015-16 முதல் ரத்தச் சர்க்கரையும் அளக்கிறார்கள். தரவு பொதுவில் கிடைக்கிறது. ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடும் மாணவத் தோழர்கள் எடுத்துப் பார்க்கலாம்.

அக்கா இப்போது ஒழுங்காக மாத்திரை போடுகிறார். உணர்ச்சி குறைந்த காலுக்கு மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு வாங்கிக் கொடுத்தோம். வீட்டுக்குள்ளும் போட்டுத்தான் நடக்க வேண்டும், வெறுங்காலோடு ஓரடி கூட வைக்கக் கூடாது என்று செவிலியர் பலமுறை சொல்லியிருந்தார். போன தையில் அவர் பிறந்த ஊருக்குப் போய்வந்தார். திரும்பியபோது குதிகாலில் புதிதாக ஒரு கீறல். செருப்பு என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"பஸ்ஸை விட்டு எறங்குனா ஊர்த்தெரு வழியாத்தானே தம்பி காலனிக்குப் போவணும். கையில எடுத்துக்கிட்டேன்."