ஓடும்போதே கார் ஆஃப் ஆகுதா? மெக்கானிக்கிடம் போகும் முன் இதைக் கவனிங்க

ஓடிக்கொண்டிருக்கும் கார் திடீரென ஆஃப் ஆகும். பத்து நிமிடம் கழித்து, எதுவுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். மெக்கானிக்கிடம் போனால், 'வண்டி நல்லாத்தானே இருக்கு' என்பார். விட்டு விட்டு வரும் எலெக்ட்ரிக்கல் கோளாறு இப்படித்தான். அது எப்போது, எப்படி வந்தது என்று நீங்கள் சொல்வதுதான் முக்கியத் துப்பு.

எதைக் கவனிப்பது?

* டேஷ்போர்டு விளக்குகளும் சேர்ந்து அணைந்ததா? பேட்டரி டெர்மினல், எர்த் வயர், இக்னிஷன் சுவிட்ச் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்.
* இன்ஜின் சூடானதும் நின்று, ஆறினதும் ஸ்டார்ட் ஆகிறதா? கிராங்க்‌ஷாஃப்ட் சென்சார் அல்லது ஃப்யூயல் பம்ப் ரிலே மீது சந்தேகப்படலாம்.
* மேடு பள்ளத்தில் மட்டும் நிற்கிறதா? வயரிலோ கனெக்டரிலோ லூஸ் கான்டாக்ட் இருக்கலாம்.

எதைச் செய்யக் கூடாது?

ஸ்கேன் செய்யும் முன் பேட்டரியைக் கழற்றாதீங்க. பதிவான எரர் கோடு அழிந்துவிடலாம். கோடு வந்த உடனே சென்சாரை மாற்றவும் வேண்டாம்; முதலில் அதன் வயரிங்கைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

நடுரோட்டில் நின்றால்?

ஸ்டீயரிங் கனமாகும்; பிரேக்கை விட்டு விட்டு மிதித்தால் அதுவும் இறுகிவிடும். ஒரே சீராக அழுத்தி, ஹஸார்டு லைட் போட்டு, இடது ஓரம் ஒதுங்குங்கள். கார் நிற்கும் வரை சாவியை எடுக்காதீங்க, ஸ்டீயரிங் லாக் ஆகிவிடும்.