திரும்பியவர்களும் திருப்பப்பட்டவர்களும்

மின்சாரக் காரை ஓட்டிப் பழகியவர் மீண்டும் பெற்றோலுக்குத் திரும்புவாரா? இதைத் தனிமனித விருப்பு வெறுப்பாக மட்டும் நோக்குவோர் சரித்திரத்தை மறந்துவிடுகின்றனர்.

1900ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உற்பத்தியான 4,192 மோட்டார் வண்டிகளுள் 1,575 மின்சாரத்தால் ஓடின. பெற்றோலால் ஓடியவை 936 மட்டுமே. எஞ்சியவை நீராவி வண்டிகள். புகையும் இரைச்சலுமற்ற மின்வண்டி பின்னர் தோற்றதேன்? 1901இல் டெக்சாசில் எண்ணெய் பீறிட்டது. 1908இல் ஃபோர்ட்டின் வண்டி வந்தது; அதன் விலை காலப்போக்கில் இறங்கிற்று. 1912இல், கைப்பிடி சுழற்றி இயந்திரத்தைக் கிளப்பும் தொல்லையையும் சிறியதொரு மின்மோட்டார் நீக்கியது. கிராமங்களிலோ மின்சாரமே இல்லை. விலையும் வசதியும் பார்த்தே மக்கள் அன்று பெற்றோலை நாடினர்.

இரண்டாம் முறை நிகழ்ந்தது வேறு. புகையற்ற வண்டிகளை விற்க வேண்டுமெனக் கலிபோர்ணிய அரசு 1990இல் விதித்தது. 1996இல் ஜெனரல் மோட்டோர்ஸ் 'ஈ.வி.1' என்னும் மின்வண்டியைக் குத்தகைக்கு மட்டுமே கொடுத்தது. பின்னர் ஆதாயமில்லையென்று 2003இல் திட்டத்தைக் கைவிட்டு, பெரும்பாலான வண்டிகளை நசுக்கி அழித்தது. ஓட்டியோர் விலைகொடுத்து வாங்க முன்வந்தனர். 2005இல் வண்டிகள் நின்ற வளவின் முன் காவலுமிருந்தனர். பயனில்லை. அவர்கள் திரும்பவில்லை, திருப்பப்பட்டனர்.

எனவே நாம் கேட்கவேண்டியது வேறு கேள்வி: வண்டியும் மின்சாரமும் எவர் கையில் உள்ளன? மின்னேற்றும் வசதி எளியவனுக்கும் எட்டுகின்றதா? அதற்கான விடையே திரும்புவோர் தொகையைத் தீர்மானிக்கும்.