அழையாமல் வரும் அஞ்சல்

விளம்பரம் வணிகத்தோடு உடன்பிறந்தது. தெருவிலே கூவி விற்பவரும், கடைவாயிலில் பலகை மாட்டுபவரும் விளம்பரம் செய்பவர்களே. அவர்களை நாம் குறை கூறுவதில்லை. ஆயின், அதே வணிகர் நம் வீட்டினுள் நுழைந்து, உண்ணும்பொழுதும் உறங்கும்பொழுதும் செவியருகே நின்று கூவத் தொடங்கினால், இவருக்கு இவ்வுரிமையைத் தந்தவர் யார் என்று கேட்கத்தானே செய்வோம்? மின்னஞ்சல் விளம்பரத்தைப் பற்றி உலக நாடுகள் இயற்றியுள்ள சட்டங்கள் யாவும் இந்த ஒரு கேள்விக்கு விடை தேடிப் பிறந்தவையே.

கேள்வி மின்னஞ்சலை விடப் பழமையானது. 1864ஆம் ஆண்டு மே மாதத்தில் லண்டன் மாநகரப் பெருமக்கள் சிலருக்கு மாலை வேளையில் தந்தி வந்தது. தந்தி என்றால் அந்நாளில் எவர் நெஞ்சும் துணுக்குறும். பிரித்துப் பார்த்தால், பல் மருத்துவர்கள் சிலர் தங்கள் மருத்துவமனை திறந்திருக்கும் நேரத்தை அறிவித்திருந்தனர்! தந்தி பெற்ற ஒருவர் வெகுண்டு, 'டைம்ஸ்' நாளிதழுக்குக் கடிதம் எழுதினார். பிறர் அவசரத்துக்கென அமைந்த வழியைத் தம் விற்பனைக்குப் பயன்படுத்துவது முறையாகாது என்ற எண்ணம் அன்றே பிறந்துவிட்டது.

கணிப்பொறி வலையில் இதே செயல் 1978ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் நாள் நிகழ்ந்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆர்ப்பாநெட் என்னும் வலை அப்பொழுது ஆராய்ச்சியாளர்களுக்கென நடைபெற்று வந்தது. டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற நிறுவனத்தின் விற்பனை அலுவலர் கேரி தூர்க், அச்சிட்ட முகவரிப் பட்டியலிலிருந்து ஏறக்குறைய 400 பேரைத் தெரிந்தெடுத்து, தம் நிறுவனத்தின் புதிய கணிப்பொறியைக் காண வருமாறு அனைவருக்கும் ஒரே மடலை அனுப்பினார். முகவரிகள் மிகுந்து, அவற்றுக்குரிய இடத்தைக் கடந்து மடலின் உள்ளேயும் பரவிக் கிடந்தனவாம். வலையை நடத்திய அதிகாரிகள் கண்டனம் தெரிவித்தனர். ஆனால் அம்மடலால் ஒரு கோடி டாலருக்கு மேற்பட்ட விற்பனை நடந்ததாகத் தூர்க் பின்னாளில் கூறியுள்ளார். கண்டனம் ஒருபுறம், ஆதாயம் மறுபுறம். பின்வந்த வரலாறு முழுவதும் இவ்விரண்டின் போராட்டமே.

1994ஆம் ஆண்டு ஏப்ரலில் அரிசோனா மாநிலத்து வழக்கறிஞர் இணையர் கான்டர், சீகல் என்போர், அமெரிக்காவில் குடியேற விழைவோருக்கான குலுக்கல் முறை விண்ணப்பத்துக்குத் தாம் உதவுவதாக, யூஸ்நெட் வலையின் பல்லாயிரம் உரையாடல் குழுக்களில் விளம்பரம் இட்டனர். பிழைப்புத் தேடிப் புலம்பெயர்வோரின் ஆவல் அன்று சரக்காகியது. 1997இல் டென்னசி மாநிலம் கான்டரின் வழக்கறிஞர் உரிமையைப் பறித்தது. அதற்குரிய காரணங்களுள் இவ்விளம்பரமும் ஒன்று.

இத்தகைய மடல்களுக்கு 'ஸ்பாம்' என்ற பெயர் வந்த கதையும் சுவையானது. அது 1937 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் தகரப்பெட்டி இறைச்சியின் பெயர். 1970இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் மான்டி பைத்தான் குழுவினர் நடித்த நகைச்சுவைக் காட்சி ஒன்றில், அச்சொல்லையே ஓயாமல் உரைத்துப் பிறர் பேச்சை அமுக்கிவிடுவார்கள். வேண்டிய பேச்சை வேண்டாத கூச்சல் விழுங்குவதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வேறு ஏது?

இத்தீமை ஏன் இவ்வளவு விரைவிற் பரவியது? அஞ்சல் தலை ஒட்டிய கடிதத்திற்குச் செலவு அனுப்புபவருடையது. மின்னஞ்சலிலோ ஒருவருக்கு அனுப்புவதும் ஒரு லட்சம் பேருக்கு அனுப்புவதும் ஏறத்தாழ ஒரே செலவு. மிகுதிச் சுமையைப் பெறுபவரும், இடையில் நின்று சுமக்கும் நிறுவனங்களும் தாங்குகின்றனர். ஆகவே ஆயிரத்தில் ஒருவர் இணங்கினாலும் அனுப்பியவருக்கு இலாபமே.

இதனைத் தடுக்கச் சட்டங்கள் இருவழிகளை மேற்கொண்டன. ஐரோப்பிய ஒன்றியம் 2002ஆம் ஆண்டின் ஆணையில், தனிமனிதருக்கு விளம்பர மடல் அனுப்புமுன் அவருடைய இசைவைப் பெற வேண்டும் என்று விதித்தது. முன்பே வாடிக்கையாளராயிருப்போருக்கு மட்டும் சில வரையறைகளுடன் விலக்கு அளித்தது. 2003 டிசம்பரில் அமெரிக்கா இயற்றிய கேன்-ஸ்பாம் சட்டமோ, இசைவின்றி அனுப்பலாம் என்றது. ஆனால் அனுப்பியவர் பெயரிலும் மடலின் தலைப்பிலும் பொய் கூடாது. விளம்பரம் என்பது விளங்க வேண்டும். மெய்யான அஞ்சல் முகவரி இருக்க வேண்டும். வேண்டாம் என்று கூறியவருக்குப் 10 வேலை நாட்களுக்குள் நிறுத்திவிட வேண்டும். கேட்டபின் அனுப்புவது ஒரு நெறி. மறுத்தபின் நிறுத்துவது மற்றொரு நெறி. முன்னதில் பொறுப்பு வணிகரைச் சாரும்; பின்னதில் நம்மைச் சாரும்.

பாரத நாட்டின் நிலை யாது? பொதுமக்களுக்கு இணையம் 1995 ஆகஸ்டு 15 அன்று திறந்துவிடப்பட்டது. விளம்பர மின்னஞ்சலுக்கென்றே தனிச்சட்டம் ஏதும் இங்கு இயற்றப்படவில்லை. தொல்லை தரும் மின்னஞ்சலைக் குறிப்பிட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவு, பேச்சுரிமைக்கு முரணானது என 2015 மார்ச்சு 24 அன்று உச்ச நீதிமன்றத்தால் நீக்கப்பட்டது. தொலைபேசி அழைப்புகளுக்கும் குறுஞ்செய்திகளுக்கும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2007 முதல் விதிகள் வகுத்துள்ளது. நாட்டின் எம்மூலையிலிருந்தும் 1909 என்ற எண்ணில் மறுப்பைப் பதியலாம். மின்னஞ்சலுக்கு இவ்விதிகள் பொருந்தா.

இக்குறையை நிரப்பத்தக்கது 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். இதன்படி, முகவரி முதலிய நம் விவரங்களை எதற்காகப் பெறுகின்றனர் என்பதை முன்னரே தெரிவித்துத் தெளிவான இசைவைப் பெறல் வேண்டும். இசைவு தருவது எவ்வளவு எளிதோ, அதனைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாயிருத்தல் வேண்டும். 2025 நவம்பரில் இதற்குரிய விதிகள் வெளியாயின. நிறுவனங்களின் முதன்மைக் கடமைகள் அதன்பின் 18 மாதங்கள் கழித்து நடைமுறைக்கு வருமாறு வகுக்கப்பட்டுள்ளன.

பிற மாநிலங்களில் வாழும் தமிழர் இச்சட்டத்தில் சிறப்பாக நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. இசைவு கோரும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளுள் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பை அளித்தல் வேண்டும் என்கிறது சட்டம். அம்மொழிகளுள் தமிழும் ஒன்று. உரிமை மாநில எல்லையோடு நின்றுவிடுவதில்லை. டெல்லியிலோ அகமதாபாத்திலோ வாழும் முதியவர் ஒருவர், தமக்குப் புரியாத மொழியில் எழுதியதற்குத் தலையசைத்துவிட்டு அல்லற்பட வேண்டியதில்லை.

உரிமை பெறுவோர் கடமையையும் நினைவிற் கொள்ள வேண்டும். நம்மிடையே சங்கம் நடத்துவோர் உண்டு. சிறுதொழில் செய்வோர் உண்டு. பொங்கல் விழாவுக்கு வருகை பதிந்தவர்களின் முகவரிப் பட்டியலை, நண்பர் ஒருவரின் நகைக்கடைக்கோ மனை விற்பனைக்கோ வழங்கலாமா? விழாச் செய்திக்குத் தந்த இசைவு வணிகத்திற்குத் தந்த இசைவாகாது. கேட்டுப் பெறுதல், மெய்ப்பெயருடன் எழுதுதல், வேண்டாம் என்றால் உடனே விடுதல் ஆகிய மூன்றும் எல்லா நாட்டுச் சட்டங்களுக்கும் இசைந்து நடக்க விழைவோர்க்குப் போதிய அடிப்படையாகும்.

ஊரை விட்டு வந்தோர்க்கு ஊரிலிருந்து வரும் மடல் அரும்பொருள். மகளின் கடிதமும், மருத்துவரின் குறிப்பும், வங்கியின் மெய்யான எச்சரிக்கையும் பொய்மடல்களின் குவியலில் புதையுண்டு போனால், இழப்பது நாம். அழைக்காதவருக்கு வாயிலை அடைப்பது, அழைத்தவர் வரும் வழியைக் காப்பதற்கே.