உளவியல் இளநிலைப் பட்டத்துக்குப் பிந்தைய கல்வியும் பணிகளும்: இந்தியா

இந்தியப் பல்கலைக்கழகங்கள் வழங்கும் உளவியல் இளநிலைப் பட்டம், பி.ஏ. ஆனாலும் பி.எஸ்சி. ஆனாலும், தன்னளவில் எந்தத் தொழில் உரிமத்தையும் தருவதில்லை. செவிலியர் பட்டம் பெற்றவர் பதிவு செய்துகொண்டு பணியில் சேர்ந்துவிடலாம். உளவியல் பட்டதாரி அவ்வாறு நேரே சிகிச்சை அளிக்க முடியாது. இதற்குக் காரணம் இத்துறை இந்தியாவில் வேரூன்றிய விதத்திலேயே இருக்கிறது. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் 1916இலும், மைசூரில் 1924இலும், சென்னையில் 1943இலும் தொடங்கிய உளவியல் துறைகள் மனித நடத்தையைச் சோதனை வழியே ஆராயும் அறிவியலாகவே இதைக் கற்பித்தன. பொது உளவியல், வளர்ச்சி உளவியல், சமூக உளவியல், சோதனை முறைகள், புள்ளியியல் என அமைந்த இளநிலைப் பாடத்திட்டம் இன்றும் அந்தத் தடத்தையே பெரிதும் பின்பற்றுகிறது.

மாணவர்களில் கணிசமானோர் விரும்புவது மருத்துவ உளவியல், அதாவது மனநோய்களையும் நடத்தைச் சிக்கல்களையும் உளவியல் முறைகளால் கண்டறிந்து சிகிச்சை அளிக்கும் பிரிவு. மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மேற்படிப்பில் மனநலம் பயின்றவர், மருந்து எழுதித் தரும் அதிகாரம் உடையவர். மருத்துவ உளவியலாளரிடம் அந்த அதிகாரம் இல்லை. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் செயல்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சில் மருத்துவ உளவியலாளர்களைப் பதிவு செய்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அளிக்கும் வரையறையின்படி, அக்கவுன்சிலில் பதிவு செய்யத்தக்க மருத்துவ உளவியல் தகுதியை உடையவரோ, உளவியலில் முதுநிலைப் பட்டத்துக்குப் பின், கவுன்சிலின் ஒப்புதல் பெற்ற ஈராண்டு முழுநேர எம்.ஃபில். பயிற்சியை முடித்தவரோதான் அப்பெயருக்கு உரியவர். பெங்களூரின் நிம்ஹான்ஸ், ராஞ்சியின் மத்திய மனநல நிறுவனம் ஆகியவை இப்பயிற்சியின் பழைய தாயகங்கள். இடங்கள் மிகக் குறைவு என்பதால் நுழைவுத்தேர்வில் போட்டி கடுமையானது.

அப்பயிற்சியின் தன்மை வகுப்பறைப் படிப்பிலிருந்து பெரிதும் வேறுபட்டது. பயிற்சியாளர் வெளிநோயாளர் பிரிவில் நோய் வரலாற்றைக் கேட்டு எழுதுகிறார். நோயாளியின் தோற்றம், பேச்சு, சிந்தனையோட்டம், நினைவாற்றல் ஆகியவற்றை முறையாகப் பதிவு செய்கிறார். பத்து அட்டைகள் கொண்ட ரோர்ஷாக் மைத்தடச் சோதனையை நடத்தி, அதற்கான அறிக்கையை மேற்பார்வையாளர் ஏற்கும்வரை திருத்தி எழுதுகிறார். அறிவுசார் குறைபாட்டுச் சான்றிதழ் கோரி வரும் குழந்தைகளுக்கு நுண்ணறிவு ஈவு கணக்கிடுவதும் அன்றாட வேலைகளுள் ஒன்று. அந்த எண்ணை நம்பியே ஒரு குடும்பத்துக்கு அரசு உதவித்தொகை கிடைப்பதும் கிடைக்காமற்போவதும் அமையக்கூடும்.

இவ்வழி இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகள் எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்தின, மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப்பணிக்கும் மட்டும் 2025–26 கல்வியாண்டு வரை விலக்கு நீட்டிக்கப்பட்டது. அதன் இடத்தை நிரப்ப மறுவாழ்வு கவுன்சில் மருத்துவ உளவியலில் தனி இளநிலை, முதுநிலைப் படிப்புகளையும், சைடி எனப்படும் தொழில்முறை முனைவர் பட்டத்தையும் வகுத்துள்ளது. எனவே சில ஆண்டுகளுக்கு முன் படித்தவர்களின் அறிவுரையை அப்படியே ஏற்பது இன்றைய மாணவருக்கு உதவாது.

உளவள ஆலோசனைத் துறையில் நிலைமை தெளிவு குறைந்தது. நீண்டகாலம் இதற்கென ஒரே பதிவுமுறை இல்லாததால், சில மாதச் சான்றிதழ் வகுப்பு முடித்தவரும் முதுநிலைப் பட்டம் பெற்றவரும் ஒரே பெயர்ப்பலகையை மாட்டிக்கொள்ள முடிந்தது. 2021ஆம் ஆண்டின் தேசிய துணைநிலை மற்றும் நலவாழ்வுத் தொழில்கள் ஆணையச் சட்டம் உளவியலாளர்களையும் நடத்தைப் பகுப்பாய்வாளர்களையும் ஆலோசகர்களையும் தன் அட்டவணையில் சேர்த்தது. அச்சட்டத்தைச் சுட்டி, உளவியல் படிப்புகளைத் தொலைநிலை வழியிலும் இணையவழியிலும் நடத்த 2025 கல்வியாண்டு முதல் மானியக் குழு தடை விதித்தது. வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல்வழியில் முதுநிலை முடிக்கும் பழைய வழக்கத்துக்கு இது முற்றுப்புள்ளி. பள்ளி ஆலோசகராக விரும்புவோருக்கு, தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழு நடத்தும் வழிகாட்டலும் ஆலோசனையும் குறித்த பட்டயப் படிப்பு பயன்தரும்.

சிகிச்சையைச் சாராத துறைகளை மாணவர்கள் குறைவாகவே எண்ணிப் பார்க்கின்றனர். ஆனால் இளநிலையில் கற்ற சோதனை முறையும் புள்ளியியலும் நேரடியாகப் பயன்படுவது அங்கேதான். கவனம், மொழி, நினைவு ஆகியவை இயங்கும் விதத்தை ஆராயும் அறிதிறன் அறிவியலில் காந்திநகர், கான்பூர் ஐ.ஐ.டி.கள் முதுநிலைப் படிப்பை வழங்குகின்றன. படைத்துறை அதிகாரித் தேர்வு வாரியங்களில் உளவியலாளர்கள் தனி மதிப்பீட்டாளர்களாகவே பணியாற்றுகின்றனர். 60 சொற்களை ஒவ்வொன்றாகக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் 15 விநாடிக்குள் மனத்தில் தோன்றியதை எழுதச் செய்யும் சொல்லியைபுச் சோதனை அங்கு நன்கறியப்பட்டது. குற்றவியல் உளவியலைக் காந்திநகரிலுள்ள தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பயிலலாம். எனினும், ஒருவரின் விருப்பமின்றி உண்மை கண்டறியும் சோதனைகளை நடத்தக் கூடாது என்று 2010இல் செல்வி எதிர் கர்நாடக மாநிலம் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபின், திரைப்படங்கள் காட்டும் அளவுக்கு அத்துறையின் கை நீளமானதன்று.

சமூகப்பணி முதுநிலை, சிறப்புக் கல்வி, மனிதவள மேலாண்மை ஆகியன பிற வழிகள். இவற்றுள் 1952இல் தோன்றிய சென்னை சமூகப்பணிக் கல்லூரி போன்ற நிறுவனங்களில் பெறும் சமூகப்பணிப் பட்டம் அரசுத் திட்டங்களிலும் தொண்டு நிறுவனங்களிலும் பரவலாக ஏற்கப்படுகிறது. ஆசிரியப் பணியை நாடுவோர் முதுநிலைக்குப்பின் நெட் தேர்வு எழுதுகின்றனர். இளநிலையோடு நிறுத்துவோர் ஆள்தேர்வு நிறுவனங்கள், சந்தை ஆய்வு, சிறப்புப் பள்ளிகளில் உதவிப் பணி, எந்தப் பட்டதாரியும் எழுதக்கூடிய அரசுத் தேர்வுகள் ஆகியவற்றை நாடுகின்றனர். குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் உளவியல் ஒரு விருப்பப் பாடமாகவும் உள்ளது.

மறுவாழ்வு கவுன்சிலின் ஒப்புதல் நிறுவனந்தோறும், படிப்புதோறும், குறிப்பிட்ட காலத்துக்கே அளிக்கப்படுகிறது. ஒப்புதல் இல்லாத இடத்தில் பெறும் பட்டத்தைக் கொண்டு மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயர் சேர்க்க இயலாது என்பதால், கட்டணம் செலுத்துவதற்கு முன் அந்த ஆண்டுக்குரிய ஒப்புதல் பட்டியலைச் சரிபார்ப்பது மாணவரின் பொறுப்பு.