பூப்பாத்தியிலிருந்து காட்டிற்கு

வயலிலும் வெளியிலும் முளைத்துப் பூந்தோட்டத்திற்குள் புகுவதே களை என்று நாம் எண்ணுகிறோம். பூந்தோட்டத்திலிருந்து புறப்பட்டுக் காட்டையே கவர்ந்துகொண்ட களையும் ஒன்று உண்டு. அதன் வரலாற்றில் என் பிழைக்கும் ஒரு சிறு பங்கு இருக்கிறது.

உண்ணிச்செடியை அறியாதார் இலர். அதன் தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. ஒரே கொத்தில் மஞ்சளும் சிவப்பும் கலந்து பூக்கும் அழகில் மயங்கிய ஐரோப்பியர், அதைத் தம் தோட்டங்களில் வளர்த்தனர். 1787-இல் நிறுவப்பெற்ற கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்திற்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது அழகுச்செடியாகவே வந்தது. ஒருமுறை நட்டால் பல்லாண்டு பூக்கும் என்பதே அதன் சிறப்பு. பின்னர் அதுவே தீங்காயிற்று. கரிய கனிகளைப் பறவைகள் உண்டு, விதைகளை எங்கும் பரப்பின. இலையைத் தின்ற ஆடுமாடுகள் நோயுற்றன.

ஹவாய்த் தீவுகளிலும் இதே கதைதான். அங்கே 1902-இல் இச்செடியைத் தின்னும் பூச்சிகளை மெக்சிகோவிலிருந்து வரவழைத்தனர். நம் நாட்டிலும் 1921-இல் ஒருவகை ஈயைக் கொணர்ந்து விட்டனர். ஆயினும் செடி அழியவில்லை. இன்று புலிகள் வாழும் நம் காடுகளில் பெரும்பரப்பு அதன் பிடியில் இருக்கிறது.

நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, பள்ளிப் பூப்பாத்தியில் செம்பருத்திக்கும் நந்தியாவட்டைக்கும் நடுவே இச்செடி ஒன்று தானாக முளைத்தது. மாணவர் பிடுங்க முனைந்தனர். “அழகாக இருக்கிறது, விட்டுவிடுங்கள்” என்று தடுத்தேன். சில ஆண்டுகள் கழித்து, அடுத்த நிலத்து உழவர் வந்தார். “ஐயா, நீங்கள் வளர்த்த அழகு இப்போது என் வரப்பில் நிற்கிறது” என்றார். அவர் குரலில் சினம் இல்லை. அதனாலேயே நான் மிக நாணினேன்.

மறுநாளே மாணவரும் நானும் மண்வெட்டியோடு சென்றோம். கிளைகளை மட்டும் வெட்டினோம். மழை பெய்ததும் முன்னிலும் அடர்ந்து தழைத்தது. பிறகே முறையை அறிந்தோம். தரைக்குச் சற்றுக் கீழே வேர்த்தண்டை வெட்டி, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்து உலரவிட வேண்டும். கனி பழுக்குமுன் இதனைச் செய்ய வேண்டும். பின்னும் முளைக்கும் நாற்றுகளை ஆண்டுதோறும் பிடுங்க வேண்டும். ஒரு செடியை விட்டுவைத்ததற்கு நாங்கள் கொடுத்த விலை, பல ஆண்டு உழைப்பு.

மாணவர்களே! ஒரு செடியை நடுமுன் அதன் பூவை மட்டும் பாராதீர்கள். அதன் விதை எங்கே செல்லும் என்றும் எண்ணிப் பாருங்கள். நம் பாத்திக்கு வேலி உண்டு; பறவைக்கு வேலி இல்லை.