இலைக்கு உரிமம், பூவுக்குச் சிறை: இந்தியக் கஞ்சாச் சட்டம் உருவான வரலாறு

உத்தரப் பிரதேசத்திலும் இராஜஸ்தானிலும் அரசு உரிமம் பெற்ற கடைகளில் பாங்கு வாங்கிக் குடிக்கலாம். பாங்கு என்பது கஞ்சாச் செடியின் இலை. அதே செடியின் பூங்கொத்தை மடியில் கட்டி வைத்திருப்பவர் குற்றவாளி. இலையில் போதை குறைவு, பூவில் கூடுதல் என்பது உண்மைதான். ஆனால் சட்டம் இந்த இடத்தில் கோடு கிழித்ததற்கு அது மட்டுமே காரணமல்ல. அந்தக் கோட்டுக்குப் பின்னால் வெளிநாட்டு மாநாடுகளில் பல ஆண்டுகள் நடந்த பேரம் இருக்கிறது. இந்திய மண்ணில் ஒருமுறை மிகக் கவனமாகத் திரட்டப்பட்ட சான்றுகள் அந்தப் பேரத்தில் எடுபடாமல் போயின. மருந்துக்காகவும் கேளிக்கைக்காகவும் கஞ்சாவை அனுமதிக்கலாமா என்று இன்று வாதிடும் இரு தரப்பாரும் இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டு பேசுவது நல்லது.

சித்த மருத்துவத்திலும் ஆயுர்வேதத்திலும் இச்செடி நெடுங்காலமாகப் புழங்கி வந்தது. மேற்கத்திய மருத்துவத்தின் கவனத்துக்கு அதைக் கொண்டுபோனவர் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய அயர்லாந்து மருத்துவர் வில்லியம் ஓஷானெசி. 1839இல் அவர் தம் சோதனைகளை வெளியிட்டார். வாதநோய், இசிவுநோய், காலரா எனப் பல நோய்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். வலிப்பு வந்து துடித்த ஒரு கைக்குழந்தைக்குச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்து வலிப்பை அடக்கியதையும் பதிவு செய்தார். பிறகு இங்கிலாந்தின் மருந்துக் கடைகளில் கஞ்சாச் சாறு இடம்பிடித்தது.

அரை நூற்றாண்டுக்குப் பிறகு அதே இங்கிலாந்திலிருந்து எதிர்ப்புக் குரல் எழுந்தது. 1893 மார்ச்சில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் மதுவிலக்கு இயக்கத்தவரான வில்லியம் கெய்ன் கேள்வி எழுப்பினார். கஞ்சா இந்திய மக்களைச் சீரழிக்கிறது, அரசோ அதில் வரி வசூலிக்கிறது என்பது மதுவிலக்காளர்களின் குற்றச்சாட்டு. இதன் விளைவாக மேக்வொர்த் யங் தலைமையில் ஏழு பேர் கொண்ட இந்திய சணற்போதைப் பொருள் ஆணையம் அமைந்தது. எழுவரில் மூவர் இந்தியர். மருத்துவர்கள், கலெக்டர்கள், பயிரிடுவோர், வியாபாரிகள், சாமியார்கள் என 1,193 பேரிடம் ஆணையம் சாட்சியம் வாங்கியது. வங்காளத்தின் நவ்காவ் வயல்களில் ஆண் செடிகளைக் கண்டுபிடித்துப் பிடுங்குவதற்கென்றே தேர்ந்த ஆட்கள் இருந்ததையும், சென்னை மாகாணத்தில் வடஆர்க்காட்டு ஜவ்வாது மலையில் பயிர் நடந்ததையும் அதன் அறிக்கை விவரிக்கிறது.

இந்த அறிக்கையின் உயிர்நாடி மனநோய் விடுதிகள் பற்றிய பகுதி. கஞ்சா பைத்தியம் பிடிக்கவைக்கும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரமாக எல்லாரும் காட்டியது விடுதிகளின் ஆண்டறிக்கைப் புள்ளிவிவரத்தை. ஆணையம் அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று தேடியது. ஒருவரை விடுதியில் சேர்க்கும்போது அவரைப் பற்றிய விவரத்தாள் ஒன்றும் கூடவே வரும். அதில் நோய்க்குக் காரணம் என்ன என்று ஒரு பத்தி. பெரும்பாலும் அதை நிரப்பியவர் போலீஸ்காரர். தெருவில் அலைந்த ஒருவரைப் பிடித்து வந்தவருக்கு அவருடைய குடும்பமும் தெரியாது, நோயின் தொடக்கமும் தெரியாது. கஞ்சா குடிப்பவர் என்று யாராவது சொன்னால், காரணம் கஞ்சா என்று எழுதிவிடுவார். விடுதி எழுத்தர் அதைப் பதிவேட்டில் ஏற்றுவார். ஆண்டு முடிவில் அது புள்ளிவிவரமாகி லண்டன் வரை போகும். 1892இல் சேர்க்கப்பட்ட 1,344 பேரில் 222 பேருக்குக் கஞ்சாவே காரணம் என்று பதிவாகியிருந்தது. ஆணையம் ஒவ்வொருவரின் பின்னணியையும் விசாரித்து, மீண்டும் கணக்கெடுத்தது. 98 பேர்தான் தேறினர். அவர்களிலும் சிலருக்கு வேறு காரணங்கள் கலந்திருந்தன.

1894இல் வந்த முடிவு இது: அளவான பழக்கத்தால் குறிப்பிடத்தக்க கேடு இல்லை, அளவு மீறினால் கேடு உண்டு, முழுத்தடை தேவையில்லை, உரிமம், வரி, கடைகளின் எண்ணிக்கைக் கட்டுப்பாடு ஆகியவை போதும். இந்திய உறுப்பினர் இருவர் மறுப்புக் குறிப்பு எழுதினர். கஞ்சா வரியில் அரசுக்கு வருமானம் இருந்ததால் இம்முடிவை ஐயத்தோடு பார்ப்போர் உண்டு. அந்த ஐயம் நியாயமானதே. ஆனால் விடுதிப் பதிவேடுகளில் ஆணையம் செய்த வேலையை வருமானக் கணக்கைக் காட்டித் தள்ளிவிட முடியாது. ஒரு பொய்ச் சான்று எப்படி உருவாகிறது என்பதை அது அடிவரை போய்க் காட்டியது.

அப்படியும் அந்தச் சான்று சாகவில்லை. 1924-25 ஜெனீவா மாநாட்டில் எகிப்தின் பிரதிநிதி எல் குயிந்தி, தம் நாட்டில் மனநோய்க்குப் பெரும்பாலும் கஞ்சாப் பிசினான ஹஷீஷே காரணம் என்று முழங்கினார். முப்பதாண்டுக்கு முன் இந்தியாவில் உடைந்த அதே வாதம். மாநாடு அதை ஏற்றுக் கஞ்சாவைப் பன்னாட்டுக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. உள்நாட்டுப் பழக்கத்தில் கைவைப்பதைப் பிரிட்டிஷ் இந்தியா அப்போது ஏற்கவில்லை.

1961இல் ஐ.நா.வின் போதைப்பொருள் ஒற்றை உடன்படிக்கை வந்தபோது நெருக்கடி முற்றியது. கோயில் விழாவிலும் ஹோலியிலும் பாங்கு குடிக்கும் நாடு அதை எப்படித் தடைசெய்யும்? உடன்படிக்கையின் வரையறையில் பூவும் காயும் கொண்ட நுனிப்பகுதி மட்டும் கஞ்சா எனப்பட்டது; நுனியோடு சேராத இலையும் விதையும் விலக்கப்பட்டன. இந்தியாவுக்குக் கிடைத்த இடைவெளி இதுதான். பூவின் மருத்துவமல்லாத பயன்பாட்டை நிறுத்த 25 ஆண்டுக் கெடு தரப்பட்டது. உடன்படிக்கை 1964 டிசம்பரில் நடைமுறைக்கு வந்ததால் கெடு 1989இல் முடியவேண்டும்.

அதற்கு நான்காண்டு முன்பே, 1985 நவம்பர் 14 முதல், போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் அமலுக்கு வந்தது. அன்றைய அரசின் பெரிய கவலை இந்தியா வழியே நடந்த ஹெராயின் கடத்தல். அதற்காக எழுதிய கடும் சட்டத்தில் கஞ்சாவும் சேர்ந்துகொண்டது. வரையறை 1961 உடன்படிக்கையிலிருந்து ஏறக்குறைய அப்படியே எடுக்கப்பட்டது. கஞ்சாப் பிசினான சரஸ் வழக்குக்குக் குறைந்தபட்சத் தண்டனையே பத்தாண்டு. பிடிபட்ட அளவைப் பொறுத்துத் தண்டனையைப் பிரிக்க 2001வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1894இல் நடந்ததுபோல் ஒரு விசாரணை 1985க்கு முன் நடக்கவில்லை என்பதே எனக்கு மிகவும் உறுத்துகிறது. எய்ம்ஸ் நடத்திய தேசிய ஆய்வு 2019இல் வெளியானபோது கஞ்சாவோ சரஸோ பயன்படுத்துவோர் ஏறத்தாழ 1.3 கோடி, பாங்கு குடிப்போர் 2.2 கோடி என்று தெரிந்தது. முன்னவர்கள் அத்தனை பேரும் சட்டத்தின் கண்ணில் குற்றவாளிகள். அவர்களில் சிறையில் நாள்கணக்கில் கிடப்பவர் பெரும்பாலும் வக்கீலுக்குக் காசில்லாதவரே.

அண்மைக்காலத்தில் காற்று திரும்பியிருக்கிறது. உத்தரகாண்ட் 2018இல் நாருக்கும் விதைக்குமான போதை குறைந்த கஞ்சா வகையான சணலுக்கு உரிமம் கொடுத்தது. 2020 டிசம்பர் 2 அன்று ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் கஞ்சாவை மிக ஆபத்தான பட்டியலிலிருந்து நீக்க 27க்கு 25 என்ற கணக்கில் வாக்களித்தபோது இந்தியா நீக்கத்துக்கு ஆதரவளித்தது.

ஆனால் சட்டபூர்வமாக்கக் கோருவோர் 1894 அறிக்கையை இன்றைக்கான நற்சான்றாக நீட்டுவதை ஏற்பதற்கில்லை. இன்று வளர்க்கப்படும் வீரிய வகைகளை அந்த ஆணையம் பார்த்ததில்லை. பதின்வயதில் தொடங்கும் பழக்கத்துக்கும் மனச்சிதைவுக்கும் உள்ள தொடர்பு குறித்த இன்றைய ஆய்வுகளும் அன்று கிடையாது. கேளிக்கைப் பயன்பாட்டைத் திறந்துவிடுவதா என்ற கேள்விக்குப் புதிய விசாரணை தேவை. அது மருத்துவமனைப் பதிவேட்டில் தொடங்கிச் சிறைப் பதிவேடு வரை போகவேண்டும்.

மருந்தின் நிலை வேறு. ஓஷானெசி குழந்தையின் வலிப்பில் கண்டதற்கு இணையாக, கஞ்சாவிலிருந்து எடுத்த கன்னாபிடியால் மருந்தை இரண்டு கடும் வலிப்பு நோய்களுக்காக அமெரிக்கா 2018இல் அனுமதித்தது. இந்தியச் சட்டத்தின் 8ஆம் பிரிவு மருத்துவத்துக்கும் ஆராய்ச்சிக்கும் விலக்கு அளிக்கிறது. 10ஆம் பிரிவு அதை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை மாநிலங்களிடம் கொடுத்திருக்கிறது. வலிப்புக் குழந்தைக்கும் புற்றுநோயாளிக்கும் உதவ நாடாளுமன்றம் புதுச் சட்டம் போடும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒரு மாநில அரசு விதிகளை எழுத முன்வந்தால் போதும்.